ரீஜன் பூஜ்யம் போட்டால் என்ன தப்பு?

கேள்வி: வங்கி மெயின்ஃபிரேம் ஒன்றில் இரவு ஓடும் பேட்ச் ஜாப்களைக் கவனித்துக்கொள்கிறேன். ஒரு கோபோல் ஜாப், மெமரி போதாமல் எஸ்878 பிழையில் விழுந்தது. சக ஊழியர் சொன்னபடி ஜேசிஎல்லில் (ஜாபை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் குறிப்பு) ரீஜனை 0எம் ஆக்கினேன், ஓடிவிட்டது. ஆனால் சிஸ்டம்ஸ் குழுவினர், “எல்லார் மெமரியையும் நீங்களே பிடித்துவைத்துக்கொண்டால் எப்படி?” என்று கடிந்துகொண்டார்கள். அப்படி என்ன செய்துவிட்டேன்? - வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: அவர்கள் சொன்ன காரணம் தவறு, கடிந்துகொண்டது சரி!

நீங்கள் எதையும் பிடித்துவைக்கவில்லை. ரீஜன் என்பது ஒரு ஜாப் எவ்வளவு மெமரி வரை கேட்கலாம் என்ற உச்சவரம்பு மட்டுமே. கடன் அட்டையில் ஐந்து லட்சம் வரம்பு இருப்பதால் யாரும் ஐந்து லட்சம் கடனாளி ஆகிவிடுவதில்லை. 1960-களின் ஓஎஸ்/360 எம்விடி காலத்தில் நிலைமை வேறு. அன்று கேட்ட அளவு அப்படியே ஒதுக்கப்படும். ஜாப் முடியும்வரை வேறு யாரும் அதைத் தொட முடியாது. அந்தப் பயம்தான் இன்னும் போகவில்லை. இன்றைய இசட்/ஓஎஸ்ஸில் ஒவ்வொரு ஜாபுக்கும் தனி முகவரி வெளி உண்டு. அதில் புரோகிராம் தொடுகிற பக்கத்துக்கு (4 கேபி கொண்ட ஒரு துண்டு) மட்டுமே நிஜ மெமரி கிடைக்கும்.

அப்படியானால் வம்பு எங்கே? புரோகிராம் லூப்பில் மாட்டி, கெட்மெயின் (மெமரி கேட்டு வாங்கும் கட்டளை) கொடுத்துக்கொண்டே, வாங்கியதில் எழுதிவிட்டு, அதைத் திருப்பித் தராமல் போகிறது என்று வையுங்கள். ரீஜன் 64எம் என்றிருந்தால் எஸ்878 வந்து அந்த ஜாப் மட்டும் விழும். 0எம் போட்டால் அந்தத் தடுப்பு இல்லை. மெம்லிமிட்டும் (2 ஜிபிக்கு மேலுள்ள பகுதிக்கான வரம்பு) குறிப்பிடாமல் விட்டால் அங்கேயும் வரம்பில்லை. உங்கள் நிறுவனம் தனியாகக் கட்டுப்பாடு வைத்திருந்தால்தான் தப்பித்தோம்.

நிஜ மெமரி தீர்ந்ததும் மற்றவர்களின் பக்கங்கள் டிஸ்க்குக்குத் தள்ளப்படும்; அவர்கள் ஜாப்கள் காரணமே தெரியாமல் ஆமை வேகத்தில் நகரும். டிஸ்க்கிலுள்ள அந்த இடம் 70 சதவீதம் நிறைந்தால் கன்சோலில் ஐஆர்ஏ200இ எச்சரிக்கை வரும். புதிதாக யாரும் லாகான் செய்ய முடியாது. 85 சதவீதத்தில் ஐஆர்ஏ201இ. அப்போது ஆபரேட்டர் முதலில் தேடுவது உங்கள் ஜாபைத்தான்.

டிபி2 போன்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் 0எம்மில்தானே ஓடுகின்றன என்பீர்கள். அவை தம் மெமரியைத் தாமே கணக்குப் பார்த்துக்கொள்பவை. நாம் எழுதும் கோபோல் அவ்வளவு சமர்த்து இல்லை.

இனி எஸ்878 வந்தால் முதலில் எந்தப் பகுதியில் இடம் தீர்ந்தது என்று பாருங்கள். 16 எம்பி கோட்டுக்குக் கீழே உள்ளது, முகவரிகள் 24 பிட் நீளமாக இருந்த காலத்துச் சிறிய இடம். பற்றாக்குறை அங்கே என்றால் ரீஜனை 500எம் ஆக்கினாலும் அந்த இடம் 16 எம்பியைத் தாண்டாது. கோபோலை டேட்டா(31) விருப்பத்துடன் கம்பைல் செய்தால் டேட்டா கோட்டுக்கு மேலே போய்விடும். மேலேதான் பற்றாக்குறை என்றால், ஒவ்வொரு ஸ்டெப் முடிந்ததும் ஜாப் லாகில் ‘எக்ஸ்ட்’ என்று ஓர் எண் வரும். கோட்டுக்கு மேலே பயன்படுத்திய அளவு அது. மாதக் கடைசி ஓட்டத்தில் அது எவ்வளவு என்று பார்த்து, கொஞ்சம் கூட்டி, 0எம் இருக்கும் இடத்தில் அதைப் போடுங்கள்.