கிற்றாருக்கு விரல்மீட்டுத் தெரிதல்

வீணை வாசிப்போர் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் கம்பி மீட்டு அணிந்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதே பணியைக் கிற்றாரிற் செய்வது விரல்மீட்டு. கடையிற் சென்று வெறுமனே ‘பிக்’ என்று கேட்டால் தட்டையான முக்கோணத் துண்டொன்றையே தருவர். அது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிற் பிடித்து வாசிப்பதற்குரியது. பெருவிரல் தடித்த தந்திகளையும் ஏனைய விரல்கள் மெல்லிய தந்திகளையும் தனித்தனியே மீட்டும் முறைக்கு, விரலிற் செருகும் மீட்டே வேண்டும்.

நகத்தை வளர்த்தால் மீட்டு எதற்கு என்று மாணவர் கேட்பதுண்டு. வலை இழுக்கும் கையிலும் உப்பளத்தில் உழைக்கும் கையிலும் நகம் நிலைப்பதில்லை. உருக்குத் தந்தியோ நகத்தை அரம்போல் அராவிவிடும். ஆதலால் நம் கரையோரத்தில் மீட்டின் தேவை சற்று மிகுதி எனலாம்.

பெருவிரலுக்குப் பிளாஸ்ரிக் மீட்டே ஏற்றது. அது இறுக்கமாயின் சுடுநீரில் இட்டு இளக்கி, விரலுக்கேற்ப வளைத்துக்கொள்ளலாம். நெருப்பிற் காட்டுதல் கூடாது. செலுலோயிட்டு எளிதில் தீப்பற்றும் பொருள். மற்றைய விரல்களுக்கான உலோக மீட்டுகள் பித்தளையிலும், செம்பு நிக்கல் நாகம் கலந்த வெண்ணிற உலோகத்திலும், துருப்பிடியா உருக்கிலும் கிடைக்கின்றன. பித்தளையின் ஒலி இனிமையானதுதான். ஆனால் மன்னாரின் உப்புக்காற்றில் அது விரைவிற் களிம்பேறும். வாசித்து முடிந்ததும் துடைத்துவைக்கும் பொறுமை இல்லாதவர் உருக்கை நாடுவதே நன்று.

தகட்டின் கனம் ஏறக்குறைய 0.33 மில்லிமீற்றர் முதல் 0.64 மில்லிமீற்றர் வரை வேறுபடும். மெல்லியது விரலுக்கு உடனே இணங்கும். விரைவிற் கோணவும் செய்யும். தடித்தது ஓசை மிக்கது, ஆயினும் வளைத்தல் கடினம். தொடங்குவோர் 0.46 அளவில் தொடங்கலாம் என்பது நம் கருத்து.

இனி, பலரைச் சலிப்புறச் செய்து கிற்றாரையே கைவிடவைக்கும் செய்தி ஒன்றுண்டு. மீட்டின் தகடு நகத்தின் மேலன்று, விரலின் தசைப்பக்கத்தில் அமைய வேண்டும். மாறி அணிந்தால் தந்தியை இழுக்கும்போது மீட்டு கழன்றுவிடும். தகட்டின் நுனியையும் விரல்நுனியின் வளைவுக்கு ஏற்பச் சிறிது மேல்நோக்கி வளைக்க வேண்டும். நேராக நின்றால் அது தந்தியிற் கொளுவிக்கொள்ளும். பிடிவளையம் நழுவாதிருந்தாற் போதும். விரல்நுனி வெளிறினாலோ மரத்தாலோ வளையத்தைத் தளர்த்துக. ஒரே நாளிற் பொருந்தாவிடினும், சிறிது சிறிதாக வளைத்து வாசித்துப் பார்த்தால் ஒரு வாரத்தில் இணங்கிவிடும்.

முற்காலத்தில் மீட்டுகளை அழுங்காமையின் ஓட்டினாற் செய்தனர். அவ்வாமை நம் மன்னார்க் குடாவிலும் வாழ்வது. 1972 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின் இலங்கையிற் கடலாமைகள் யாவும் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களாகும். அவ்வோட்டின் ஒலியைப் புகழ்ந்து எவரேனும் விற்க வந்தாலும் வாங்கலாகாது.

நைலோன் தந்தி பூட்டிய கிற்றாராயின் உலோக மீட்டே வேண்டாம். அது தந்தியைத் தேய்த்துக் கெடுக்கும். அங்கு வெறும் விரலே போதும். ஓசை குறையுமே என வருந்துவோர் வீணை தனம்மாளை (1867–1938) நினைத்துக்கொள்ளலாம். அவர் மீட்டு அணியாது விரலாலேயே வாசித்தவர். அவ்வடங்கிய நாதத்தைக் கேட்க இரசிகர்கள் சென்னையில் அவர் இல்லத்துக்கே சென்று அமைதியாக அமர்ந்திருந்தனர்.