வாடா வீடுகளைப் படமெடுக்கலாம், வாருங்கள்

இத்தாலியின் தென்பகுதியில் அல்பெரோபெல்லோ என்று ஓர் ஊர். சாந்தில்லாமல் கல்மேல் கல் அடுக்கி, கூம்புக் கூரையோடு கட்டிய வீடுகளுக்குப் பேர்போனது. 1996-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. காமிராவும் கையுமாக அங்கே போய் வருபவர்கள் ஏராளம். புனேயில் இருக்கும் நாம், கஸ்பா பேட்டையிலும் சதாசிவ பேட்டையிலும் மிஞ்சியிருக்கும் வாடாக்களை எத்தனை பேர் படமெடுத்திருக்கிறோம்?

வாடா என்பது ஏறக்குறைய நம்மூர் முற்றம் வைத்த வீடுதான். கருங்கல் அடித்தளம், மரச் சட்டம், இடையே செங்கல். முற்றத்துக்கு இங்கே 'சௌக்' என்று பெயர். மரம் அதிகமென்பதால் தீக்குப் பயம். 1732-ல் புதுமனை புகுந்த சனிவார் வாடா 1828 தீயில் போய், மதிலும் வாசல்களுமே மிஞ்சின. 1961 ஜூலை 12-ல் பான்ஷேத் அணை உடைந்த வெள்ளத்தில் ஆற்றோர வாடாக்கள் பல விழுந்தன. மீதியை அடுக்குமாடிகள் விழுங்குகின்றன.

பழகுவதற்கு விஷ்ராம்பாக் வாடா நல்லது. இரண்டாம் பாஜிராவ் 1807-ல் கட்டியது. சைப்ரஸ் மரம்போலச் செதுக்கிய தூண்களைப் பாருங்கள். முழு முகப்பும் வேண்டுமென்று காமிராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் பின்னால் சாய்வதுபோல் விழும். நேராகப் பிடித்துப் பின்னால் நகருங்கள். சந்தில் இடமில்லையா? எதிர்வீட்டு மாடியில் அனுமதி கேளுங்கள். சௌக்கில் உச்சிவெயில் ஆகாது. பாதி வெளுக்கும், பாதி இருண்டுபோகும். காலை எட்டு மணியின் மெல்லிய வெளிச்சம் போதும். ஃபிளாஷ் வேண்டாம், மரவேலையின் ஆழம் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் முதலில், கேட்டுவிட்டு எடுங்கள். நான் கேட்கவில்லை. பல வருடங்களுக்கு முன் கஸ்பா பேட்டையில் திறந்திருந்த கதவு வழியே காமிராவை நீட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆஜி, "காய் பாஹிஜே?" என்று அதட்டினார். என் அரைகுறை மராத்தியைக் கேட்டுச் சிரித்து, உட்காரவைத்து, டீ கொடுத்தார். கதவின்மேல் செதுக்கியிருந்த பிள்ளையாரை அவரே காட்டினார். கிளம்பும்போது, "எனக்கு ஒரு பிரதி கொடு" என்றார்.

இதோ அதோ என்று ஆறு மாதம் தள்ளிவிட்டேன். பிரதியோடு போனபோது அங்கே தகரத் தடுப்புதான் இருந்தது. எங்கே குடிபோனார்கள் என்று பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியவில்லை.

அந்தப் படம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பின்பக்கம் தெருவும் தேதியும் குறித்திருக்கிறேன். நீங்களும் அப்படிக் குறியுங்கள். கூடவே வீட்டாரின் பெயரையும் எழுதுங்கள்; ஆஜியின் பெயரைக் கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.