குறுக்கெழுத்துக் கட்டமும் கம்ப்யூட்டரின் கணக்கும்

கம்ப்யூட்டர் வாங்கி, டைப் செய்யவும் படம் பார்க்கவும் பழகிவிட்டீர்கள். அடுத்து என்ன? வீட்டில் உள்ளவர்களுக்காகத் தமிழில் ஒரு குறுக்கெழுத்துப் போட்டி தயாரித்துப் பாருங்கள். தமிழ் டைப்பிங்கும் எக்ஸெல்லும் சேர்ந்தே பழகிவிடும். ஆனால் நான் செய்த தவறை மட்டும் செய்துவிடாதீர்கள்.

என் அப்பாவுக்கு 78 வயது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு பத்திரிகைகளில் வரும் சிறிய கட்டங்கள் அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. எனவே நானே பெரிய கட்டங்களாகப் போட்டு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். முதல் முயற்சி என்பதால் குறுக்கும் நெடுக்கும் இல்லை. ஒவ்வொரு குறிப்புக்கு எதிரிலும் கட்டங்கள் வரிசையாக இருக்கும். எத்தனை கட்டம் என்பதை நான் எண்ணவில்லை. எக்ஸெல்லில் ‘லென்’ என்ற பார்முலாவிடம் அந்த வேலையை விட்டுவிட்டேன்.

முதல் குறிப்பு: தெனாலிராமனின் பட்டப்பெயர். அப்பா வெகு நேரம் யோசித்தார். “விகடகவின்னுதான் தோணுது. ஆனா ரெண்டு கட்டம் மிச்சமாகுதே. எனக்குத்தான் ஞாபகம் தப்புது போலிருக்கு” என்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். எண்ணிப் பார்த்தேன். வி, க, ட, க, வி. ஐந்து எழுத்துதான். கம்ப்யூட்டர் ஏழு என்று சொல்லியிருந்தது!

ஏன் இந்தக் குழப்பம்?

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். யூனிகோட் முறையில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களோ 128தான். எனவே ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் கிடையாது. ‘வி’ என்பதை ‘வ’ ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டாகவே கம்ப்யூட்டர் சேமிக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக் கணக்கு. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. லென் பார்முலாவுக்கு ஐந்து. இதே காரணத்தால்தான், ‘தேரு வருதே’ போன்ற, திருப்பிப் படித்தாலும் மாறாத சொற்களைச் சாதாரண பார்முலா மூலம் திருப்பினால் கொம்பும் காலும் இடம் மாறி அலங்கோலமாகத் தெரியும்.

சரியாக எண்ண எளிய வழி உண்டு. நோட்பேடில் சொல்லை டைப் செய்து, கர்சரைச் சொல்லின் தொடக்கத்தில் வைத்திடுங்கள். வலது அம்புக்குறி கீயை ஒவ்வொரு முறையாக அழுத்திடுங்கள். கர்சர் முழு எழுத்தாகவே தாண்டும். எத்தனை முறை அழுத்தினீர்களோ அத்தனை எழுத்து.

கட்டம் போடுவது எப்படி?

1. விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தித் தமிழ் கீபோர்டுக்கு மாறிடுங்கள். இதற்கு முன்பே செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்திருக்க வேண்டும்.

2. எக்ஸெல்லில் வேண்டிய செல்களைத் தேர்ந்தெடுத்து, ஹோம் டேபில் பார்மட் கிளிக் செய்திடுங்கள். காலம் வித் 8, ரோ ஹைட் 46 எனக் கொடுத்தால் ஏறக்குறையச் சதுரமாக வரும். பாண்ட் அளவு 20 இருக்கட்டும்.

3. பார்டர் பட்டனில் ஆல் பார்டர்ஸ் தேர்ந்தெடுத்திடுங்கள்.

4. ஒரு செல்லுக்கு ஓர் எழுத்து. மேல் வரிசையில் க, வி, தை. ‘க’வுக்குக் கீழே ட, ல். ‘தை’க்குக் கீழே ய, ல். கவிதை, கடல், தையல் என மூன்று சொற்கள் வந்துவிட்டன. நடுவில் மிஞ்சும் இரண்டு செல்களுக்குக் கறுப்பு நிறம் கொடுத்திடுங்கள்.

5. வேறு பெயரில் ஒரு காப்பி சேவ் செய்து, அதில் எழுத்துகளை அழித்து, எண்கள் கொடுத்து பிரிண்ட் எடுத்திடுங்கள். முதல் பைல்தான் உங்கள் விடைத்தாள்.

ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்ச் சொற்கள் மெய்யெழுத்தில் தொடங்குவதில்லை. எனவே ‘ல்’ உள்ள கட்டத்தில் புதிய சொல்லைத் தொடங்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

உங்களுக்கு இரண்டு புதிர்கள்:

அ. மூன்றெழுத்துப் பழம். முதல் எழுத்தை எடுத்தால் ஓட்டை. கடைசி எழுத்தை எடுத்தால் பெண்.

ஆ. நான்கெழுத்து இனிப்பு. இரண்டாம் எழுத்தை எடுத்தால் தானியம். முதல் எழுத்தை ‘இ’ ஆக்கினால் உலோகம்.

மறுநாள் ஐந்து கட்டங்களுடன் புதிய தாளைக் கொடுத்து, “தப்பு உங்க மேல இல்லப்பா, கம்ப்யூட்டரை நம்பின என் மேலதான்” என்றேன். அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, “இவ்வளவுதானா?” என்று கேட்டார். இப்போது வாரம் ஒன்று தயாரித்தாக வேண்டும். குறிப்புகளை நான் டைப் செய்கிறேன். எழுத்துகளை அம்புக்குறி கீயால் எண்ணிச் சரிபார்ப்பது அப்பாவின் வேலை.

விடைகள்: அ. மாதுளை (துளை, மாது). ஆ. கரும்பு (கம்பு, இரும்பு).