எழ மறுக்கும் கணினி

முற்றும் பழுதுற்ற பொறியைச் செப்பனிடுதல் எளிது; ஒருநாள் இயங்கி ஒருநாள் இயங்காத பொறியைச் செப்பனிடுதலே அரிது. மருத்துவர் வீட்டு வாயிலை மிதித்ததும் மறைந்துவிடும் பல்வலியைப் போல, அதன் கோளாறு செப்பனிடுவோர் வந்ததும் ஒளிந்துகொள்ளும். அவர் சென்றதும் மீண்டும் தலைகாட்டும்.

சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் பத்தாண்டுகளாக உழைத்து வரும் மேசைக் கணினி ஒன்று இருப்பதாகக் கொள்க. மாணவர்களின் மதிப்பெண்களும் மாற்றுச் சான்றிதழ்க் குறிப்புகளும் அதன் வன்தட்டிலேயே உள்ளன. வேறெங்கும் அவற்றுக்குப் படி இல்லை. மார்கழிக் குளிரில் எழுத்தர் வந்து பொத்தானை அழுத்துகிறார். விசிறி சுழல்கிறது, திரையோ இருண்டே கிடக்கிறது. அணைத்து அணைத்து மூன்றாம் முறை அழுத்தியதும், ஒன்றும் நேராதது போலக் கணினி விழித்துக்கொள்கிறது. நண்பகலில் எத்தனை முறை அணைத்து இயக்கினும் அது தவறுவதில்லை. காலையிலும் நாள்தோறும் தவறுவதில்லை. ஐந்து நாளைக்கு ஒருநாள் தவறுகிறது.

கணினி விழித்ததும் எழுத்தர் மகிழ்ந்து தம் வேலையைத் தொடர்வார். அம்மகிழ்ச்சியே இடர்ப்பாட்டுக்கு வித்து. அடுத்த முறை அது எழாமலே போகலாம். ஆதலின் காரணத்தைத் தேடுமுன், விழித்திருக்கும் அந்த வேளையிலேயே குறிப்புகள் அனைத்தையும் வேறொரு தட்டில் படியெடுத்து வைத்தல் வேண்டும்.

பொத்தானை அழுத்தியபின் உள்ளே நிகழ்வன யாவை? மின்வழங்கி என்னும் பெட்டி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டு மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட்டு அளவுள்ள நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. இவ்வளவுகள் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடா. அவை நிலைபெற்ற பின்னரே, ‘மின்சாரம் நன்று’ என்று பொருள்படும் குறிப்பொன்றை மின்வழங்கி தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. அதற்கு அரை நொடிக்கு மேல் ஆவதில்லை. அக்குறிப்பு வரும்வரை செயலி அசைவதில்லை. வந்ததும் அது தாய்ப்பலகையில் பதிந்துள்ள தொடக்கக் கட்டளைகளைப் படித்து, நினைவகம் முதலிய உறுப்புகளைச் சோதித்து, அதன்பின்பே வன்தட்டை நாடுகிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12 ஆம் நாள் அறிமுகப்படுத்திய கணினியும் இவ்வாறே தன்னைச் சோதித்துக்கொண்டு, குறையில்லையெனில் ஒரு சிறு கூவொலி எழுப்பியது.

விசிறி சுழல்வது கண்டு மின்சாரம் நன்றாகவே உள்ளது என்று முடிவு கட்டுவோர் பலர். அது பிழை. விசிறிக்கு 12 வோல்ட்டுக் கம்பி ஒன்றே போதும். அவ்வழுத்தம் சற்றே ஏறியிறங்கினும் அது கவலையின்றிச் சுழலும். செயலியோ அத்துணைப் பொறுமை உடையதன்று.

பள்ளிக் கணினி தரும் துப்பு, குளிர்ச்சியே. மின்வழங்கியிலும் தாய்ப்பலகையிலும் சிறு உருளைகளைப் போல நிற்கும் மின்தேக்கிகள் மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வை நிரவுவன. அவற்றுள் அலுமினியத் தகடும், ஒருவகைத் திரவத்தில் தோய்ந்த தாளும் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன. வெப்பத்தாலும் ஆண்டுகளாலும் அத்திரவம் வறண்டு போகிறது. வெப்பநிலை பத்துப் பாகை உயருந்தோறும் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. வறண்ட மின்தேக்கியின் உள்தடை மிகுகிறது; குளிரில் இன்னும் மிகுகிறது. மும்முறை முயன்றதில் சிறிது சூடேறியதும் தடை குறைந்து கணினி எழுகிறது. 2000 ஆம் ஆண்டை ஒட்டிச் செய்யப்பட்ட மின்தேக்கிகள் பலவற்றில் திரவத்தின் கலவையே குறையுடையதாய் இருந்தமையால், உலகெங்கும் எண்ணற்ற தாய்ப்பலகைகள் சில ஆண்டுகளிலேயே பழுதாயின. உச்சி புடைத்துக் கசிந்து நின்ற அவ்வுருளைகளைக் கண்ணாலேயே காண முடிந்தது. எனினும் புடைக்காமலே வறள்வனவும் உண்டு.

இனி, இதனை அறியாத எழுத்தர் நினைவகத் துண்டைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்துகிறார். மறுநாட் காலை கணினி எழுகிறது. அதற்கடுத்த மூன்று நாளும் எழுகிறது. நோய் தீர்ந்தது என்கிறார். தீர்ந்ததா? ஐந்தில் ஒருமுறை தவறும் பொறி, எந்த மாற்றமும் செய்யாத போதும், நான்கு காலைகள் தொடர்ந்து தவறாமல் எழ நூற்றுக்கு 41 பங்கு வாய்ப்புண்டு. பத்துக் காலைகள் எழ ஏறத்தாழ 11 பங்கு உண்டு. இருபது காலைகளாயின் ஒரு பங்கே எஞ்சும். நண்பகல் முயற்சிகள் இக்கணக்கில் சேரா. குளிர்ந்த பொறியின் முதல் முயற்சி ஒன்றே சேரும்.

எனவே நல்லதென்று அறிந்த வேறொரு மின்வழங்கியைப் பொருத்திப் பார்ப்பதே தக்கது. அவ்வேளையில் நினைவகத்தையும் உடன் மாற்றிவிட்டால், எது நோய்க்குக் காரணம் என்பது என்றும் விளங்காது. பழைய மின்வழங்கியைத் திறந்து பார்க்கும் ஆவலும் ஆகாது. சுவரினின்று கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

மாற்றிய நாள் முதல், ஒவ்வொரு காலையும் நாள், நேரம், எழுந்தது அல்லது எழவில்லை என மூன்றே குறிப்புகளைக் கணினியருகில் வைத்த நோட்டுப் புத்தகத்தில் எழுத்தர் எழுதி வருகிறார். பெட்டியின் பக்கத் தகடு திறந்தே கிடக்கிறது. இருபதாம் காலைக்கும் ‘எழுந்தது’ என்று எழுதிய பின்னரே அவர் திருகாணிகளை எடுத்து அத்தகட்டை முடுக்குகிறார்.