ஜின்செங் வாங்கும் முன்: புற்றுநோயாளிகளுக்கும் வீட்டாருக்கும்

ஜின்செங் வேரின் பெருமைக்கெல்லாம் காரணம் அதிலுள்ள ஜின்செனோசைடுகள் என்ற வேதிப்பொருள்கள். வேரை ஆவியில் வேகவைத்து உலர்த்தினால் கொரியர்களின் சிவப்பு ஜின்செங். அந்தச் சூட்டில் ஆர்ஜி3 என்ற ஜின்செனோசைடு கூடுகிறது. கட்டி தனக்கென ரத்தக்குழாய் வளர்த்துக்கொள்வதை அது தடுப்பதாக ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். சீனாவில் ஆர்ஜி3ஐக் கீமோவோடு சேர்த்துத் தருகிறார்கள், துணை மருந்தாக மட்டும்.

செய்ய வேண்டியவை

• சிகிச்சை தரும் டாக்டரிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயரை மட்டும் சொன்னால் போதாது.

• லேபிளில் தாவரப் பெயரைப் பாருங்கள். பனாக்ஸ் ஜின்செங் என்றால் கொரிய வகை. பனாக்ஸ் குவின்குவிஃபோலியஸ் என்றால் அமெரிக்க வகை. ‘இந்திய ஜின்செங்’ என்று விற்பது நம் அமுக்கராக் கிழங்கு. ‘சைபீரிய ஜின்செங்’ வேறொரு செடி. இரண்டிலும் ஜின்செனோசைடு கிடையாது. அமுக்கராவைக் குறை சொல்லவில்லை. அதன் குணம் வேறு.

• சோர்வுக்கு மட்டும் எதிர்பாருங்கள். மனிதர்களிடம் ஓரளவு நல்ல சான்று இருப்பது அதற்குத்தான். மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 364 பேர். தினமும் 2,000 மில்லிகிராம் அமெரிக்க ஜின்செங் சாப்பிட்டவர்களுக்கு நாலாவது வாரத்தில் பெரிய வித்தியாசமில்லை. எட்டாவது வாரத்தில் சோர்வு குறைந்திருந்தது.

• ஆபரேஷன் என்றால் ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள்.

செய்யக்கூடாதவை

• ஜின்செங்கை நம்பிக் கீமோவையோ கதிர்வீச்சையோ தள்ளிப்போடாதீர்கள். கண்ணாடித் தட்டில் புற்றுசெல் சாவது வேறு, உடம்பில் சாவது வேறு. விழுங்கிய ஜின்செனோசைடில் கொஞ்சம்தான் அப்படியே ரத்தத்தில் சேரும்; மீதியைக் குடல் பாக்டீரியா உடைத்து வேறொன்றாக்கிவிடும்.

• இமாடினிப் மாத்திரையோடு சேர்க்காதீர்கள். ரத்தப் புற்றுக்காகப் பல வருஷம் அதைச் சிக்கலில்லாமல் சாப்பிட்டுவந்த 26 வயது இளைஞருக்குத் திடீரென்று கல்லீரல் பாதித்த செய்தி 2010இல் மருத்துவ இதழில் வந்தது. புதிதாகச் சேர்ந்தது ஜின்செங் கலந்த எனர்ஜி டிரிங்க். அதை விட்டபின் இமாடினிப் குறைந்த அளவில் மறுபடி ஒத்துக்கொண்டது. பானத்தை யாரும் மருந்தாக நினைப்பதில்லை, ஆபத்தே அங்கேதான்.

• வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தொடவேண்டாம். ரத்தம் உறையாமல் காக்கும் அதன் வேகத்தை அமெரிக்க வகை குறைக்கிறது.

• சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுள்ளவர்களும் தாமாகத் தொடங்கக்கூடாது.

கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ அன்றைக்கே ஜின்செங்கை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.