ரொட்டியை விட வேண்டாம், ரொட்டிக்குத் துணை சேர்ப்போம்



போஷாக்கு என்று சொன்னவுடனே ஆப்பிள், பால்மா, முட்டை படம் போட்ட அட்டைதான் ஞாபகத்துக்கு வருகிறது. "அதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகுமா?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆகையால் இந்தப் பாடத்தில் நம் அடுப்படியில் உள்ளதை வைத்தே பேசுவோம்.

1. நம் சாப்பாடு எப்படி மாறியது?

நம் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து முதலில் கோப்பிக்கும், பிறகு தேயிலைக்கும் வந்தவர்கள். ஊரிலே கேழ்வரகு, கம்பு, பயறு, கீரை என்று சாப்பிட்டார்கள். இங்கே சொந்தக் காணி இல்லை. தோட்டத்தில் கொடுத்த அரிசி, பின்னாளில் கோதுமை மா, இவைதான் சாப்பாடாகின. விடியற்காலையில் மலைக்கு ஓடுகிற பெண்ணுக்குச் சீக்கிரம் சுடக்கூடியதும், பகல் வரை வயிறு தாங்குவதும் ரொட்டிதான். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

கனமூலை இருக்கிற புத்தளம் கரையோரத்திலும் இதே கதை உண்டு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெருந்தொகையானோர் இந்த மாவட்டத்துக்கு வந்தார்கள். முகாம் வாழ்க்கையில் நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் சீனியும்தான் கை கொடுத்தன. ஊர் விட்டு ஊர் போனால் மூட்டையில் வருவது குறைவதில்லை. தோட்டத்திலும் கடலிலும் கிடைப்பதுதான் முதலில் குறைகிறது.

வெளிநாட்டிலும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கனடா அரசு 2007இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி தமிழிலும் அச்சானது. குடியேறி வந்த தாய்க்கு அவளுடைய பாஷையிலே, அவள் சமைக்கிற சாப்பாட்டை வைத்துச் சொன்னால்தான் காதில் ஏறும்.

2. எது குறைகிறது?

2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். தோட்டப் பகுதியில் அது நூற்றுக்கு 32 பேர். பரம்பரை என்று மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது. வயிறு நிறைகிறது, சத்துதான் நிறைவதில்லை. அடிக்கடி வரும் வயிற்றோட்டமும் பூச்சியும் சாப்பிட்டதையும் பறித்துக்கொள்கின்றன. தாய்க்கு இரத்தச்சோகை இருந்தால், பிள்ளை பிறக்கும்போதே எடை குறைவாகப் பிறக்கக்கூடும்.

3. என்ன செய்யலாம்?

ரொட்டி: பாதி கோதுமை மா, பாதி குரக்கன் மா சேர்த்துச் சுடுங்கள். குரக்கன் வேறொன்றுமில்லை, நம் பாட்டன் பூட்டன் சாப்பிட்ட கேழ்வரகுதான். 100 கிராம் குரக்கனில் சுமார் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வெள்ளைக் கோதுமை மாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாவிலேயே நறுக்கிய கீரையும் வெங்காயமும் போட்டுப் பிசையலாம்.

கீரை: வல்லாரை, பொன்னாங்காணி, பூசணிக் கொழுந்து எதுவானாலும் சரி. லயத்துக்குப் பக்கத்தில் இரண்டு அடி இடம் போதும். முருங்கை வளருகிற பக்கத்தில் இருப்பவர்கள் அந்த இலையை விட்டுவிடாதீர்கள்.

நெத்தலி: கரையோரத்திலிருந்து வரும் நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிடலாம். நன்றாகக் கழுவி, உப்பைக் குறைத்து, வறுத்து இடித்துச் சம்பலில் சேர்த்தால் பிள்ளைகளும் சாப்பிடும்.

தேத்தண்ணி: நாம் பறிக்கிற கொழுந்துதான், ஆனாலும் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையையும் சாயத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். கீரைக்குத் தேசிக்காய் பிழிந்தால், அல்லது ஒரு கொய்யாப்பழம் தின்றால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும்.

உப்பு: அயடின் சேர்த்த உப்பை மூடிவைத்து, கறி வெந்த பிறகு போடுங்கள்.

4. பத்தியமும் பாட்டியும்

"பப்பாசி சூடு, அன்னாசி ஆகாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கர்ப்பிணிப் பிள்ளை கிளினிக்கில் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மாமியார் சொல்வதைத்தான் கேட்கும். இதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. ஒரு பழம் ஆகாதென்றால், ஆகும் பழம் எது என்று மாமியாரையே கேளுங்கள். வாழைப்பழம், கொய்யா, தோடை என்று அவரே சொல்வார். குழந்தை பெற்றவளுக்குப் பால் சுறாவும் முருங்கை இலையும் கொடுப்பது நல்ல வழக்கம், அதை விடாதீர்கள். பத்தியமென்று வெறுஞ்சோறும் மிளகுத்தண்ணியுமாக நாட்களைக் கடத்துவதைத்தான் நிறுத்த வேண்டும். பால் கொடுக்கிறவளுக்கு முன்னைவிட அதிகம் சாப்பாடு வேண்டும்.

குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். அதற்குப் பிறகு தாய்ப்பாலோடு, குழைத்த சோற்றில் பருப்பும் கீரையும் சேர்த்துக் கொடுங்கள். சாயத்தண்ணியில் நனைத்த ரொட்டி பிள்ளைக்குச் சாப்பாடு ஆகாது. திரிபோஷா கிடைத்தால் அது அந்தத் தாய்க்கும் அந்தப் பிள்ளைக்கும் உரியது. வீட்டில் எல்லோரும் பங்கு போட்டால் யாருக்கும் பலனில்லை.

5. இந்த வாரப் பயிற்சி

அ. உங்கள் வீட்டில் இந்த வாரம் எத்தனை நாள் கீரை சமைத்தீர்கள்?
ஆ. தேத்தண்ணி சாப்பாட்டோடா, பிறகா?
இ. கடைசியாக யார் சாப்பிடுகிறார்கள், அவர்களுக்குக் கறி மிஞ்சுகிறதா?

மூன்றாவது கேள்விக்கு அநேக வீடுகளில் பதில் அம்மா என்றே இருக்கும். ஆகையால் இன்றிரவு சட்டியில் கறி இருக்கும்போதே அவருக்கு ஒரு பங்கை எடுத்து வையுங்கள். அதற்குக் காசு ஒன்றும் செலவில்லை.