சப்ளிமேஷன் பிரின்டர்: எந்த அளவை வாங்குவது?

மக், ஜேர்சி, சாவிக்கொத்து, பரிசுத் தட்டு போன்றவற்றில் படமும் பெயரும் பதித்துக் கொடுக்கும் தொழில் இன்று சிறிய ஊர்களிலும் பரவியுள்ளது. ஒரு சிறிய அறை இருந்தால் போதும், வீட்டிலேயே தொடங்கலாம் என்பதால் எமது இளைஞர்கள் பலர் இதில் ஆர்வம் காட்டுகின்றனர். அவர்கள் முதலில் கேட்பது, "எந்த அளவு பிரின்டர் வாங்குவது?" என்பதுதான். விற்பவரிடம் கேட்டால், "பெரியதை எடுங்கள், எல்லா வேலையும் செய்யலாம்" என்பார். வீட்டு நகையை அடகு வைத்தும் வெளிநாட்டில் உழைத்ததைச் செலவழித்தும் முதலிடுபவர் அந்த ஒரு வார்த்தையை நம்பி முடிவெடுக்கலாகாது.

முதலில் தொழிலின் அடிப்படையை விளங்கிக் கொள்வோம். கற்பூரம் திரவமாகாமல் நேரே ஆவியாவதைப் பாடசாலையில் பதங்கமாதல் என்று படித்திருக்கிறோம். இங்கே நடப்பதும் அதுவே. விசேட மையினால் தாளில் அச்சிட்டு, அத்தாளைப் பொருளின் மீது வைத்து, ஹீட் பிரஸ்ஸில் ஏறத்தாழ 190 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி அழுத்தும்போது, மை ஆவியாகிப் பொலியெஸ்டர் இழைக்குள் புகுந்து விடுகிறது. அதனால் கழுவினாலும் உரிவதில்லை. ஆனால் பருத்தியில் இது நிற்காது. பருத்தி நூலில் நெய்த மருதமுனைச் சாரத்தில் இம்முறையால் படம் பதிக்க முடியாது. மக் என்றாலும் இதற்கென மேற்பூச்சு இட்டதாக இருக்க வேண்டும். வெள்ளை மை கிடையாது என்பதால் கறுப்புத் துணியிலும் பதியாது. உங்களிடம் வரும் வேலைகளில் பாதி பருத்தி டீ சேர்ட்டாக இருந்தால், அளவைப் பற்றி யோசிக்க முன்னரே இது உங்களுக்குரிய மெஷின்தானா என்று யோசியுங்கள்.

சந்தையில் உள்ள அளவுகள்

சிறு தொழிலுக்கு ஏற்றவற்றை நான்காகப் பிரிக்கலாம்: ஏ4, ஏ3 அல்லது அதைவிடச் சற்றுப் பெரிய ஏ3 பிளஸ், 24 அங்குல ரோல், 44 அங்குல ரோல். அதற்கு மேல் 64 அங்குலம் உண்டு. அது முழு அகலத் துணியில் அச்சிடும் தொழிற்சாலைகளுக்கு உரியது.

அளவைத் தீர்மானிப்பது நீங்கள் விற்கப் போகும் பொருட்களில் மிக அகலமான ஒற்றைத் துண்டு. இரண்டு தாள்களை ஒட்டிப் பதித்தால் நடுவில் கோடு விழும். வாடிக்கையாளர் அதை ஏற்க மாட்டார். எனவே அந்தத் துண்டு ஒரே தாளில் அடங்க வேண்டும்.

மக் ஒன்றைச் சுற்றி வரும் படம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீளமும் 9 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது. ஏ4 தாளில் அவ்வாறான மூன்று படங்கள் அடங்கும். ஏ3 தாளில் ஆறு அடங்கும். மக், சாவிக்கொத்து, மவுஸ் பேட் இவைதான் உங்கள் வியாபாரம் என்றால் ஏ4 போதுமானது. டீ சேர்ட்டின் நெஞ்சுப் பகுதியில் பெரிய படம், குஷன் உறை என்று வந்தால் ஏ3 பிளஸ் வேண்டும். 13 அங்குல அகலமும் 19 அங்குல நீளமும் கொண்ட அந்தத் தாள் இவ்வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இடம் தரும்.

ஜேர்சிக் கணக்கு

துணியை வெட்டி, முழுவதும் நிறம் பதித்து, பின்னர் தைக்கும் ஜேர்சிக்குத்தான் ரோல் பிரின்டர் தேவைப்படுகிறது. நடுத்தர அளவு ஜேர்சியின் முன்பக்கம் 52 சென்ரிமீற்றர் அகலம், 75 நீளம் என்று வைப்போம். பின்பக்கமும் அவ்வாறே. கைகள் ஒவ்வொன்றும் 42க்கு 25. 24 அங்குலம் என்பது 61 சென்ரிமீற்றர். அதில் முன், பின் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகவும் கைகளைத் திருப்பி அருகருகேயும் வைத்தால், ஒரு ஜேர்சிக்குச் சுமார் 2 மீற்றர் தாள் போகும். 44 அங்குலம் 112 சென்ரிமீற்றர் ஆகையால் முன்னும் பின்னும் அருகருகே அடங்கி, 1 மீற்றரில் வேலை முடியும்.

15 பேர் கொண்ட அணிக்கு ஒன்றில் 30 மீற்றர், மற்றதில் 15 மீற்றர் என்றதும் பாதி தாள் மிச்சம் என்று நினைக்கத் தோன்றும். அது தவறான கணக்கு. பரப்பளவைப் பாருங்கள். 24 அங்குலத்தில் 18.3 சதுர மீற்றர். 44 அங்குலத்தில் 16.8 சதுர மீற்றர். வித்தியாசம் ஒன்றரைச் சதுர மீற்றர் மட்டுமே. ஆகவே தாளை மிச்சப்படுத்துவதற்காக எவரும் பெரிய மெஷின் வாங்க வேண்டியதில்லை. அதன் உண்மையான பயன் வேறு. 62 சென்ரிமீற்றருக்கு மேல் அகலமான பெரிய சைஸ் ஜேர்சி 24 அங்குலத்தில் அடங்காது. அவ்வாறான ஓடர்கள் தொடர்ந்து வருகின்றனவா என்பதே கேள்வி.

விலை வித்தியாசத்தை இப்படிக் கணக்கிடுங்கள். சிறியதற்கும் பெரியதற்கும் இடையே 8 இலட்சம் ரூபா வித்தியாசம், ஒரு ஜேர்சியில் செலவு போக 400 ரூபா மிஞ்சும் என்று வைப்போம். அந்தப் பணம் திரும்ப 2,000 ஜேர்சிகள் அடிக்க வேண்டும். அதாவது 133 அணிகள். மாதம் 4 அணிகள் வந்தாலும் 33 மாதங்கள் செல்லும். இங்கே எல்லா ஜேர்சிகளையும் சேர்க்கக் கூடாது. சிறிய மெஷினால் செய்ய முடியாமல் போன ஜேர்சிகளை மட்டுமே எண்ண வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

பிரஸ்ஸையும் மின்சாரத்தையும் மறக்க வேண்டாம்

பிரின்டர் பாதி, ஹீட் பிரஸ் மறுபாதி. 38க்கு 38 சென்ரிமீற்றர் தட்டு ஏ4 வேலைக்குப் போதும். ஏ3 பிளஸ் தாள் 48 சென்ரிமீற்றர் நீளமானது. அது அந்தத் தட்டில் அடங்காது. 40க்கு 50 அல்லது 40க்கு 60 தேவை. முழு ஜேர்சித் துண்டுக்குக் குறைந்தது 60க்கு 80 வேண்டும். ஒரே படத்தை இரண்டு முறை அழுத்தினால் சந்திப்பில் தழும்பு விழும். ஆகவே பிரின்டரின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராமல், அதற்குப் பொருந்தும் பிரஸ்ஸின் விலையையும் சேர்த்தே கேளுங்கள்.

தட்டு பெரிதாக மின்சாரமும் கூடுகிறது. எமது வீடுகளில் உள்ள 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு 230 வோல்ட்டில் 6,900 வொட் வரையே தாங்கும். 6,000 வொட் இழுக்கும் தட்டை அதில் பொருத்தினால், வீட்டில் அயனும் வோட்டர் ஹீட்டரும் போட்ட உடனே மின்சாரம் துண்டிக்கும். பெரிய தட்டுகள் சிலவற்றுக்கு மும்முனை இணைப்பே வேண்டும். அந்த இணைப்புச் செலவும் முதலீட்டில் அடங்கும். மெஷினில் ஒட்டியுள்ள லேபலில் வொட் அளவைப் பார்த்து, மின்னியலாளர் ஒருவரிடம் காட்டிய பின்னர் முற்பணம் கொடுங்கள்.

சும்மா இருந்தால் செலவு

கடையில் விற்பனையாகாத துணி அலுமாரியில் இருந்தால் இடம் மட்டுமே போகும். பிரின்டர் சும்மா இருந்தால் பணமும் போகும். பல நாட்கள் ஓடாத பிரின்டரின் தலையில் மை காய்ந்து அடைக்கும். அடைப்பை நீக்கச் சுத்திகரிப்பு ஓட்டும் ஒவ்வொரு முறையும் மை வீணாகும். பெரிய மெஷினில் குழாய்கள் நீளம். வீணாகும் மையும் அதிகம். விளையாட்டுப் போட்டிக் காலத்தில் மட்டும் ஓடர் வரும் ஊரில் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

மை, தாள், தலை மூன்றுமே இறக்குமதிப் பொருட்கள். 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியதை வியாபாரிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியான காலத்தில் சிறிய மெஷின் வைத்திருப்பவர் சமாளிப்பார். கடனில் பெரியதை வாங்கியவர் தவணையையும் கட்டி, மையையும் இரட்டிப்பு விலைக்கு வாங்க வேண்டிவரும்.

சாதாரண மை டாங்க் பிரின்டரில் சப்ளிமேஷன் மை ஊற்றித் தொடங்குவோரும் உளர். செலவு குறைவுதான். ஆனால் வரண்டி போய்விடும். அதே மெஷினை மீண்டும் சாதாரண வேலைக்கு எடுப்பதும் கடினம். பழைய மெஷின் வாங்குவதென்றால், உங்கள் கண் முன்னால் நொசில் செக் அச்சிடச் சொல்லுங்கள். கோடுகள் விடுபட்டிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி விடுங்கள்.

வாங்க முன்னர்

கடந்த மூன்று மாதங்களில் உங்களிடம் கேட்கப்பட்ட வேலைகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் அகலத்தையும் எதிரே குறியுங்கள். பத்தில் எட்டு வேலை எந்த அளவில் அடங்குகிறதோ, அதுவே உங்கள் பிரின்டரின் அளவு. மீதி இரண்டையும் பெரிய மெஷின் உள்ள ஒருவரிடம் அச்சிட்டு வாங்கிக் கொடுங்கள். அதில் இலாபம் குறைந்தாலும் வாடிக்கையாளர் உங்களிடமே இருப்பார்; உங்கள் முதலும் கையில் இருக்கும்.

அவ்வாறு வெளியே கொடுக்கும் வேலைக்கு நீங்கள் மாதாமாதம் செலுத்தும் தொகையையும் அதே கொப்பியில் எழுதி வாருங்கள். அந்தத் தொகை பெரிய மெஷினின் மாதச் செலவைத் தொடர்ந்து சில மாதங்கள் தாண்டினால், அப்போது தயங்காமல் பெரியதை வாங்கலாம். அதற்குரிய வேலை அப்போது உங்கள் கையில் இருக்கும்.